நிறக்குருடுள்ள அண்ணாவுக்கு ஒட்டுத்துணிப் போர்வை: துணிகளின் நிறங்களை எப்படித் தெரிவு செய்வது?

தருமபுரத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருப்பது இது. வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தன் அண்ணாவுக்குச் சிவப்பு-பச்சை நிறக்குருடு இருப்பது தெரியவந்திருக்கிறது. மார்கழி, தை மாதப் பனிக்கு அவருக்கென ஓர் ஒட்டுத்துணிப் போர்வை தைக்க, அம்மாவின் பழைய நூற்சேலைகளும் தையற்கடையில் மிஞ்சிய வெட்டுத்துணிகளும் கையில் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் சிவப்பும் பச்சையுமாக இருப்பதால், அவற்றை ஒதுக்கிவிட்டுக் கறுப்பிலும் வெள்ளையிலும் மட்டும் தைப்பதுதான் சரியா என்று கேட்கிறார்.

ஒதுக்க வேண்டியதில்லை. சிவப்பும் பச்சையும் அந்தப் போர்வையில் தாராளமாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு துணியும் எவ்வளவு இருண்டது, எவ்வளவு வெளிறியது என்பதை முதலில் தீர்மானித்து, அதன்படியே அதற்கு இடம் கொடுக்க வேண்டும். துணியை அதன் நிறத்தின் பெயரால் எடுக்கும் நம் வழக்கத்தை மட்டும் இங்கே தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது. கறுப்பு வெள்ளையில் தைப்பதை நான் விரும்பமாட்டேன். உங்கள் அண்ணா நீலத்தையும் மஞ்சளையும் நன்றாகவே காண்கிறவர். அவருக்குத் தெரிகிற நிறங்களையும் சேர்த்துப் பறிப்பதில் என்ன பயன்?

அவருடைய கண்ணில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பகலொளியில் நிறங்காணும் கூம்புக்கலங்கள் விழித்திரையில் நீண்ட அலைக் கூம்பு, இடை அலைக் கூம்பு, குறுகிய அலைக் கூம்பு என மூன்று வகையாக உள்ளன; அவை முறையே ஏறத்தாழ 560, 530, 420 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஒளிக்கு மிகுதியாகத் தூண்டப்படுகின்றன. முதலிரண்டும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கியவை. அவ்விரண்டும் தரும் சைகைகளுக்கிடையிலான சிறிய வேறுபாட்டைக் கொண்டுதான் மூளை சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிகிறது. அவற்றுள் ஒன்று இல்லாதுபோனாலோ, அதன் உணர்திறன் மற்றதன் பக்கம் நகர்ந்திருந்தாலோ அந்தப் பிரிப்பு அழிந்துவிடும் அல்லது மங்கிவிடும். நீலம்-மஞ்சள் வேறுபாடும் இருள்-வெளிச்ச வேறுபாடும் அப்படியே நிற்கும். இந்த இரண்டு கூம்புகளுக்கும் உரிய மரபணுக்கள், ஆண்களுக்கு ஒன்று மட்டுமே உள்ள எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால் இது ஆண்களிடமே மிகுதியாகக் காணப்படுகிறது. வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் சுமார் 8 சதவீதத்தினருக்கும் பெண்களில் சுமார் 0.5 சதவீதத்தினருக்கும் இது உண்டு, ஆசியர்களிடையே இதைவிடக் குறைவு. மகனுக்கு இது அம்மா வழியாகவே வருகிறது. ஆகவே கேள்வி கேட்ட தங்கைக்கும் அந்த மரபணு வந்திருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது என்பதை, போர்வைக்குத் தொடர்பில்லாவிட்டாலும், சொல்லிவைக்கிறேன். நாளைக்கு உங்கள் மகன் பாடசாலையில் நிறப் பென்சில்களை மாற்றி எடுத்தால் பிள்ளையை ஏசாமல் இருக்க இது உதவும்.

சிவப்பு-பச்சைக் குறையிலேயே இரண்டு வகை உண்டு, அது துணி தெரிவுக்கு முக்கியம். நீண்ட அலைக் கூம்பு பழுதானவர்களுக்குச் சிவப்பு, நிறம் மாறுவதோடு ஒளியும் குன்றிக் கருமையாகத் தெரியும்; கடுஞ்சிவப்பும் மெரூனும் அவர்களுக்குக் கறுப்புக்குப் பக்கத்தில் போய் நிற்கும். இடை அலைக் கூம்பு பழுதானவர்களே மிகுதி. அவர்களுக்குச் சிவப்பின் ஒளி குன்றுவதில்லை, நிறம் மட்டும் பச்சையோடும் மண்ணிறத்தோடும் குழம்பும். உங்கள் அண்ணா எந்த வகை என்று பரிசோதனை அறிக்கையில் இல்லாவிட்டால் வீட்டிலேயே ஓரளவு ஊகிக்கலாம். மிளகாய்த் தோட்டத்தில் பழமெடுக்கும்போது பழமிளகாய் இலையைவிடக் கறுத்துத் தெரிகிறதா, அல்லது இலையோடு இலையாகக் கரைந்துவிடுகிறதா என்று கேளுங்கள். கறுத்துத் தெரிந்தால் பெரும்பாலும் முதல் வகை. ஒரு கடுஞ்சிவப்பு நூலையும் ஒரு கறுப்பு நூலையும் அருகருகே வைத்து, எது எது என்று அவர் தயங்கினால் அந்த ஊகம் இன்னும் உறுதிப்படும்.

இனித் துணிகளுக்கு வருவோம். இப்படிப்பட்ட கண்ணுக்கு நிறங்களெல்லாம் பெரும்பாலும் இரண்டு குடும்பங்களாகத் திரள்கின்றன என்று எண்ணிக்கொண்டால் வேலை இலகுவாகும். சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், கிளிப்பச்சை, இலைப்பச்சை, மண்ணிறம் ஆகியவை மஞ்சட் பக்கம். நீலம், ஊதா, கத்தரிப்பூ நிறம் ஆகியவை நீலப் பக்கம். ஊதாவில் உள்ள சிவப்பு அவருக்கு எட்டாததால் அது நீலமாகவே நிற்கும். இரண்டுக்கும் நடுவே, நிறமற்ற சாம்பல்போலத் தோன்றும் ஒரு கூட்டமும் உண்டு. நீலப்பச்சையும், நாம் றோஸ் என்று சொல்கிற நிறத்தின் சில சாயல்களும் அதில் அடங்கும். றோஸும் சாம்பலும் மாறிமாறி வரும்படி தைத்துவிட்டு, கட்டங்களை அவர் பாராட்டவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை, ஏனெனில் அங்கே அவருக்குக் கட்டங்களே இல்லை. செம்மஞ்சளோடு கிளிப்பச்சையும், இலைப்பச்சையோடு மண்ணிறமும், நீலத்தோடு ஊதாவும், வெளிறிய பச்சையோடு சந்தன நிறமும் அதே மாதிரியான சோடிகள். மெரூனோடு கறுப்பு முதல் வகையினருக்கு ஆகாது.

ஆகவே முதல் வேலையாக, எல்லாத் துணிகளையும் பாயில் பரப்பி, நிறத்தைப் பாராமல் இருண்டவை, நடுத்தரமானவை, வெளிறியவை என்று மூன்று குவியலாகப் பிரியுங்கள். அதன்பின் ஒவ்வொரு குவியலையும் மஞ்சட் பக்கம், நீலப் பக்கம் என்று இரண்டாக்கினால் ஆறு குவியல்கள் வரும். ஒன்றையொன்று தொடும் இரண்டு துண்டுகள் ஒரே குவியலிலிருந்து வரக்கூடாது என்பதே விதி. இருள்-வெளிச்சத்திலும் குடும்பத்திலும் ஒருசேர வேறுபட்டால் சிறப்பு. கடும் நீலத்துக்குப் பக்கத்தில் மாம்பழ மஞ்சள், மெரூனுக்குப் பக்கத்தில் இளநீலம், கருநீலத்துக்குப் பக்கத்தில் செம்மஞ்சள், கடும் மண்ணிறத்துக்குப் பக்கத்தில் வெளிறிய வான்நீலம் என்பன எந்தக் கண்ணுக்கும் தனித்துத் தெரியும். இந்த முறையில் உங்கள் சிவப்பும் பச்சையும் வீணாவதில்லை. கடுஞ்சிவப்பும் கடும்பச்சையும் ஒரே குவியலில், அதாவது இருண்ட மஞ்சட் பக்கத்தில், சேர்ந்து கிடக்கும். வடிவத்தில் இருண்ட துண்டு கேட்கிற இடங்களுக்கு அவற்றை மாறிமாறி எடுக்கலாம். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு அந்த இடங்களில் சிவப்பும் பச்சையும் தெரியும், அண்ணாவுக்கு ஆழ்ந்த ஒரே சாயல் தெரியும், ஆனால் போர்வையின் வடிவம் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கும்.

இருள்-வெளிச்சத்தைக் கண்ணால் மதிப்பிடுவது தோன்றுகிற அளவுக்கு எளிதல்ல. பளிச்சென்ற நிறம் நம்மை ஏமாற்றும். தையல் படிப்பிக்கும் இடங்களில், பளீரென்ற சிவப்பு வெளிறிய குவியலில் போடப்படுவதை அடிக்கடி காண்கிறேன். கண்ணை ஒடுக்கிப் பார்த்தால் நிறம் மங்கி, அடர்த்தி மட்டும் எஞ்சும். இல்லாவிட்டால் துணிகளை வரிசையாக வைத்துக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டு துணிகள் அந்தப் படத்தில் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அவற்றை அருகருகே வைக்க வேண்டாம். இந்த உபாயத்தைப் பலரும் சொல்வார்கள், ஆனால் அதில் ஒரு குறை இருப்பதைச் சொல்லமாட்டார்கள். சாதாரணக் கண்ணுக்குச் சிவப்பு எவ்வளவு ஒளியுடையதோ அந்த அளவிலேயே கருவி அதைச் சாம்பலாக்குகிறது. சிவப்பு கறுத்துத் தெரியும் முதல் வகையினருக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. அண்ணா அந்த வகையினராக இருந்தால், படத்தில் நடுத்தரமாகத் தெரியும் சிவப்பு, மெரூன் துணிகளை ஒரு படி கீழிறக்கி இருண்ட குவியலில் போடுங்கள். அன்ரொயிட் கைத்தொலைபேசிகளின் மேம்படுத்துநர் தெரிவுகளில், நிறக்குறை உள்ளவருக்குத் தோன்றுவதுபோல் திரையை மாற்றிக் காட்டும் வசதியும் உண்டு. அது வழிகாட்டியாக உதவும் என்றாலும், அண்ணா வீட்டிலேயே இருக்கும்போது கருவியை நம்புவதைவிட அவரைக் கேட்பது நல்லது.

சேலைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரக்குச் சிவப்பு உடலும் பச்சைக் கரையுமாக இருக்கும் கோயிற் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். உடலும் கரையும் ஒரே அடர்த்தியாக இருந்தால், அண்ணாவுக்கு அந்தக் கரை உடலோடு கலந்து காணாமற் போய்விடும். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய மஞ்சட் கோடோ சரிகைக் கோடோ ஓடினால், கரை எங்கே தொடங்குகிறது என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும். நெசவுக்காரர்கள் அழகுக்காக இட்ட அந்தக் கோட்டைப் போர்வையில் நீங்கள் காரணத்தோடு இடலாம். குழம்பக்கூடிய இரண்டு துணிகளைச் சேர்த்தே ஆகவேண்டும் என்றால், அம்மாவின் ஒரு குறிப்பிட்ட சேலை போர்வையில் வந்தே தீரவேண்டும் என்பது போன்ற ஆசைகள் இருந்தால், நடுவே ஓர் அங்குல அகலத்தில் வெளிறிய பட்டி ஒன்றைக் கொடுத்து அவற்றைப் பிரித்துவிடுங்கள். பட்டிக்கு வெள்ளையை நான் சொல்லமாட்டேன். பாடசாலைச் சீருடைக்குக் கிடைக்கும் வெள்ளைத் துணியின் மிச்சம் எல்லா வீட்டிலும் இருக்கிறதுதான், ஆனால் வன்னியின் செம்புழுதியில் அது ஒரு மாரிக்குள்ளேயே பழுப்பேறிவிடும். சந்தன நிறமோ வெளிறிய மஞ்சளோ அதே வேலையைச் செய்யும், அழுக்கையும் காட்டிக்கொடுக்காது.

கோலம் மாறினாலும் வேறுபாடு கிடைக்கும். பெரிய கட்டம் போட்ட சாரத் துணிக்குப் பக்கத்தில் வெறும் நிறத் துணி, பொடிப் பூக்களுக்குப் பக்கத்தில் அகலமான கோடுகள் என்று வைத்தால், நிறம் ஒன்றாகத் தெரிந்தாலும் துண்டுகள் தனித்தனியே நிற்கும். இந்த விடயத்தில் அண்ணாவின் கண் உங்கள் கண்ணைவிடக் கூர்மையாக இருக்கவும் கூடும்: பலநிறக் குழப்பத்துக்குள் கோலத்தால் மட்டும் வேறுபடும் உருவத்தை, நிறங்களால் கவனம் சிதறாத காரணத்தால், நிறக்குறை உள்ளவர்கள் கண்டுபிடித்துவிடுவதைப் பார்வை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இடை அலைக் கூம்பு நகர்ந்துள்ளவர்களில் சிலர், நமக்கு ஒரே காக்கியாகத் தெரியும் இரண்டு துணிகளை வேறுவேறு என்று பிரித்துச் சொல்வதும் உண்டு. ஆகவே நீங்கள் ஆறு குவியல்களாகப் பிரித்த பின்பு, துணிகளை மீண்டும் கலந்துவிட்டு, அண்ணாவையும் ஒருமுறை பிரிக்கச் சொல்லுங்கள். என்ன நிறம் என்று அவரிடம் கேட்க வேண்டாம். அது அவரைப் பரீட்சைக்கு இருத்துவதாகிவிடும், பிள்ளைப் பருவத்திலிருந்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி அவர் களைத்திருப்பார். ஒன்றோடொன்று சேர்கிறவற்றை ஒன்றாக வையுங்கள், பிடித்தவற்றைத் தனியே எடுங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அவர் வைத்ததும் நீங்கள் வைத்ததும் வேறுபடும் இடத்தில் அவர் வைத்ததையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த வெளிச்சத்தில் பிரிக்கிறீர்கள் என்பதும் சாதாரண விடயமல்ல. ஜோன் டால்ற்றன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர், தனக்கிருந்த நிறக்குறையைப் பற்றி 1794 இல் மன்செஸ்ரரில் வாசித்த கட்டுரையில், பகலில் தனக்கு வான்நீலமாகத் தெரிந்த ஒரு ஜெரேனியப் பூ மெழுகுதிரி வெளிச்சத்தில் நீலம் சற்றும் இல்லாமல் சிவப்பாகத் தெரிந்ததைக் குறிப்பிட்டிருக்கிறார். மற்றவர்களுக்கு அது இரு வேளையிலும் றோஸ் நிறப் பூத்தான். கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருப்பதே காரணம் என்று அவர் நம்பினார். 1844 இல் அவர் இறந்த பின்பு கண்ணைத் திறந்து பார்த்தபோது திரவம் தெளிவாகவே இருந்தது. பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த அந்தக் கண்ணின் மரபணுவை 1995 இல் ஆராய்ந்துதான், இடை அலைக் கூம்பு இல்லாமையே காரணம் என்று உறுதிசெய்தார்கள். நமக்குப் பயன்படுவது அந்தப் பூ. மஞ்சள் மின்குமிழின் கீழ் சேர்த்த நீலமும் ஊதாவும் பகலில் வேறு மாதிரி நிற்கும், அண்ணாவுக்கு அந்த மாற்றம் நம்மைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். விறாந்தையில் காலை வெளிச்சத்தில் துணிகளைப் பிரித்துவிட்டு, இரவில் போர்வை விரிக்கப்படும் அறையின் மின்குமிழின் கீழும் ஒருமுறை பாருங்கள். இரண்டிலும் நிற்கும் சோடிகளை மட்டும் தைக்கலாம்.

வடிவத்தைப் பொறுத்தவரை, இருளும் வெளிச்சமும் சேர்ந்தே உருவாக்கும் வடிவங்களை எடுத்தால் பாதி வேலை முடிந்தது. என் தெரிவு லொக் கபின். நடுவில் ஒரு சிறு சதுரம் வைத்து, அதைச் சுற்றி ஒடுங்கிய பட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தைத்து, மூலைவிட்டத்துக்கு ஒரு பக்கம் இருண்டவையும் மறுபக்கம் வெளிறியவையும் வரும்படி கட்டுவது அதன் முறை. அளவில்லாத வெட்டுத்துணிகள்கூட அதில் பட்டிகளாகப் போய்விடும். நடுச் சதுரத்துக்குச் சிவப்பு வைப்பது பழைய வழக்கம். அண்ணாவுக்கு அது இருண்ட பக்கத்தோடு சேர்ந்துவிடக்கூடும் என்பதால் மாம்பழ மஞ்சளை வையுங்கள். முதன்முறையாகத் தைப்பவருக்கு இது கடினம் என்று தோன்றினால் சதுரங்களை இருண்டதும் வெளிறியதுமாக மாற்றி அடுக்கினாலே போதும். 60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமுமான போர்வைக்கு, தைத்த பின் 6 அங்குலமாக நிற்கும் சதுரங்கள் 150 தேவை. ஓரங்களில் கால் அங்குலத் தையலுக்காக ஒவ்வொன்றையும் ஆறரை அங்குலமாக வெட்டி, 75 இருண்டவை, 75 வெளிறியவை என்று எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். வெட்டுத்துணி போதாமல் கடையில் வாங்குவதானால், 45 அங்குல அகலத் துணியில் இரண்டரை யார் நீளம் 75 சதுரங்களுக்குக் காணும்.

நடுவே பஞ்சு வைப்பது நம் வெப்பத்துக்குத் தேவையில்லை. பழைய நூற்சேலையை ஒரு மடிப்பாக உள்ளே விரித்துத் தைத்தால் தைப் பனிக்கு அது போதும், கையால் தோய்க்கவும் பாரமாக இராது. ஆனால் மேற்துணி மெல்லியதாக இருந்தால் உள்ளே வைத்த சேலையின் கடும் நிறம் வெளியே தெரிந்து, வெளிறிய துண்டுகளை நடுத்தரமாக்கிவிடும். நீங்கள் பார்த்துப் பார்த்து அமைத்த வேறுபாடு அங்கே குறைந்துபோகும். உள்ளே வைப்பதற்கு வெளுத்த சேலையையே எடுங்கள்.

ஒரு விடயத்தை மட்டும் தவறாமல் கவனியுங்கள். மேலே சொன்ன சோடிகளெல்லாம் பிறவியிலேயே சிவப்பு-பச்சைக் குறை உள்ளவருக்கு உரியவை. இதைப் படித்துவிட்டு வயதான ஐயாவுக்கோ அம்மம்மாவுக்கோ தைக்க நினைப்பவர்கள் இதே கணக்கைப் பின்பற்றக்கூடாது. வயதோடு கண்வில்லை மஞ்சளேறும்போதும், நீரிழிவு, கண்ணழுத்தம் போன்ற நோய்களிலும் நீலமும் பச்சையும், வெளிறிய மஞ்சளும் வெள்ளையும்தான் பெரும்பாலும் குழம்பும். அவர்களுக்கு இருள்-வெளிச்ச வேறுபாட்டை இன்னும் கூட்டி, மெரூனையும் சந்தன நிறத்தையும் போன்ற சோடிகளை நம்பலாம். வயது வந்த பின்பு நிறங்கள் மாறித் தெரியத் தொடங்கினால், போர்வையை அப்புறம் பார்த்துக்கொண்டு முதலில் கண் கிளினிக்குக்குப் போவது நல்லது.

வெட்டுவதற்கு முன்பு எல்லாத் துணிகளையும் தனித்தனியே தோய்த்துக் காயவிடுங்கள். புதிய நூல் துணி சுருங்கும். கடுஞ்சிவப்பும் கருநீலமும் சாயம் விடும். உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்று சொல்வார்கள், இன்றைய சாயங்களுக்கு அதை நம்பியிருக்க வேண்டாம். நீர் தெளிவாக வரும்வரை சுடுநீரில் அலசுவதே வழி. வெளிறிய பட்டியில் சிவப்புச் சாயம் ஏறினால் நமக்கு அது றோஸாகத் தெரியும், அண்ணாவுக்கோ அழுக்கேறிய சாம்பலாகத் தெரியும். மேற்துணி, உள்ளே வைத்த சேலை, பின்பக்கத் துணி ஆகிய மூன்று மடிப்பையும் சேர்த்துத் தைக்கும் நூலை மஞ்சளில் எடுத்தால் இருண்ட துண்டுகளின்மேல் தையல் ஓட்டம் அவருக்கு நன்றாகத் தெரியும். தைத்து முடித்த போர்வையை நேர் வெயிலில் போடாமல், பின்பக்கம் வெளியே வரும்படி மடித்து நிழலில் உலர்த்துங்கள்.